46 மணி நேரம் நீண்ட ஆறாவது இன்னிங்ஸ்: மழையும் ஒரு வானொலி வர்ணனையாளரும்

2008 அக்டோபர் 27, திங்கட்கிழமை இரவு. பிலடெல்ஃபியா நகரின் சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் மைதானத்தில் பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் ஜெயிப்பவருக்குக் கோப்பை. உள்ளூர் அணியான ஃபிலீஸ், டாம்பா பே ரேஸ் அணியை 3-1 என்று முந்தி நின்றது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். ஆறாவது இன்னிங்ஸின் முதல் பாதி, அதாவது வெளியூர் அணி மட்டை பிடிக்கும் பாதி, முடிந்தபோது ஸ்கோர் 2-2. கொட்டும் மழையில் அம்பயர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த பந்து வீசப்பட்டது புதன்கிழமை இரவு 8.37-க்கு. இடையில் 46 மணி நேரம். வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் ஒன்று பாதியில் நின்று, பிறகு வேறொரு நாளில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது அதுதான் முதல் முறை.

அந்த ஆட்டத்தைப் பற்றி அமெரிக்காவில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். யார் அடித்தார், யார் ஓடினார், பேஸ்பால் லீகின் தலைவரான கமிஷனர் செய்தது நியாயமா என்றுதான் பேச்சு போகும். இங்கே நாம் பார்க்கப்போவது வானொலிப் பக்கத்தை, குறிப்பாக ஃபிலீஸின் வர்ணனையாளர் ஹாரி காலஸை. ஆட்டம் நடக்கும்போது வர்ணனையாளருக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கிறது. தார்ப்பாய் விரித்த பிறகு நேயர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இனி என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்ல வாய்ச் சாமர்த்தியம் மட்டும் உதவாது. விதி தெளிவாக இருக்க வேண்டும். அது மைக் முன்னால் இருப்பவருக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். அன்று இரண்டுமே இல்லை.

அன்று இரவு நடந்தது

மழை அந்தத் தொடருக்குப் புதிதல்ல. இரண்டு நாள் முன்புதான் மூன்றாவது ஆட்டம் மழையால் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போய், இரவு 10.06-க்குத் தொடங்கி, அதிகாலை 1.47-க்கு முடிந்திருந்தது. ஐந்தாவது ஆட்டத்தன்று வானிலைக் கணிப்பு லேசான தூறல் என்றது. சரி, சமாளித்துவிடலாம் என்று தொடங்கிவிட்டார்கள். குளிர் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. முதல் இன்னிங்ஸிலேயே ஷேன் விக்டோரினோ அடித்த ஓர் அடியில் ஃபிலீஸுக்கு இரண்டு ரன். பந்து வீசிய கோல் ஹாமெல்ஸ் நல்ல ஃபார்மில் இருந்தார். நான்காவது இன்னிங்ஸில் டாம்பா ஒரு ரன் எடுத்து 2-1 ஆக்கியது. அப்புறம் தூறல் மழையானது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு விஷயம் விசித்திரமாகத் தோன்றும். கிரிக்கெட்டில் நாலு சொட்டு விழுந்ததும் கவர் வந்துவிடும். பேஸ்பாலில் மழையோடு ஆடுவார்கள். பந்தைப் பிடிக்கவே முடியாது என்கிற நிலை வரும்வரை ஆடுவார்கள். ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் இடைவெளியிலும் மைதானப் பணியாளர்கள் ஓடிவந்து, ஈரம் உறிஞ்சும் சுட்ட களிமண் துகள்களை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்புவார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அதுவும் சேறாகும்.

தொலைக்காட்சிக்கு இது ஒரே ஷாட். கேமரா தரையைக் காட்டினால் வேலை முடிந்தது. வானொலியில் அந்தச் சேற்றை நேயர் காலடியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பேஸ்களுக்கு (ரன் எடுக்க ஓடுபவர் தொட்டுச் சுற்றும் நான்கு முனைகள்) நடுவே குட்டை கட்டி நிற்கிறது, சுண்ணாம்புக் கோடு கரைந்துவிட்டது, பிட்ச்சர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் விரலைத் துடைக்கிறார் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. காரில் ரேடியோவைத் திருகும் ஆள் எந்த நிமிடத்திலும் உள்ளே வரலாம். அவருக்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலிருந்து கேட்பவருக்கு அலுக்காமலும் சொல்ல வேண்டும். நல்ல வர்ணனையாளர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஸ்கோரைச் சொல்வார் என்பார்கள். மழை நாளில் ஸ்கோரோடு தரையின் நிலையும் சேர்ந்துகொள்கிறது.

ஆறாவது இன்னிங்ஸில் டாம்பாவுக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது. பி.ஜே. அப்டன், பேஸ்களைச் சுற்றிய பகுதியான இன்ஃபீல்டைத் தாண்டாத ஓர் அடியில் முதல் பேஸை அடைந்தார். அடுத்து, யாரும் பந்தை அடிக்கக் காத்திராமல் அந்தச் சேற்றிலேயே ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். கார்லோஸ் பென்யா இடது புறம் ஒன்றை அடிக்க, அப்டன் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு ஓடிவந்து ரன் எடுத்தார். 2-2. அந்த அரை இன்னிங்ஸ் முடிந்ததும் தார்ப்பாய் வந்தது.

சமன் ஆகும்வரை காத்திருந்து நிறுத்தினார்களா என்று பிலடெல்ஃபியா ரசிகர்கள் அன்றைக்கே கேட்டார்கள். அதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

யாருக்கும் சொல்லாத விதி

இங்கே விதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாக வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். மழையில் நின்றுபோனால், ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அது முழு ஆட்டமாகக் கணக்கு. முன்னால் இருப்பவருக்கு வெற்றி. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும். ஒருநாள் கிரிக்கெட்டில் முடிவு வர இரண்டாவது அணி 20 ஓவராவது ஆடியிருக்க வேண்டும் என்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே டக்வொர்த் லூயிஸ் கணக்கு மட்டும் கிடையாது. நிற்கும்போது ஸ்கோர் என்னவோ அதுதான்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் ஃபிலீஸ் 2-1 என்று முன்னால் இருந்தது. அந்த நிமிடத்தில் மழை வலுத்து ஆட்டம் கைவிடப்பட்டிருந்தால், புத்தகத்தில் அச்சிட்டிருந்த விதிப்படி ஃபிலீஸ்தான் உலகச் சாம்பியன். நாலு இன்னிங்ஸ் மிச்சம் இருக்க, தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே ஒரு சாம்பியன் பட்டம்!

கமிஷனர் பட் சீலிக் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம் எதுவும் பாதியில் முடியாது, எத்தனை நாள் ஆனாலும் முழுசாக ஆடியே தீருவது என்று அவர் ஏற்கனவே தீர்மானித்திருந்தார். இரண்டு அணி நிர்வாகத்துக்கும் ஆட்டத்துக்கு முன்னாலேயே சொல்லியும் இருந்தார். ஆனால் கேலரியில் நனைந்துகொண்டிருந்தவர்களுக்கும், வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும், மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பலருக்கும்கூட அது தெரியாது. ஆட்டம் நின்ற பிறகு, செய்தியாளர் சந்திப்பில்தான் அது வெளியே வந்தது.

வர்ணனையாளர் நாற்காலியில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்திருக்கிறது, மழை வலுக்கிறது. கையில் விதிப் புத்தகம் இருக்கிறது. இப்போதே நிறுத்தினால் கோப்பை நமக்கு என்று நேயரிடம் சொன்னால், புத்தகப்படி அது சரி. கமிஷனர் மனதில் இருந்ததன்படி தப்பு. சொல்லாமல் விட்டால், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியைத் தொடாமல் போகிறோம் என்றாகிறது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்த இடத்தில் பிழைக்க வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பயர்கள் ஆட்டத்தை நிறுத்திவைத்தால், குறைந்தது 30 நிமிடம் காத்திருந்த பிறகே அதை முற்றாகக் கைவிட முடியும் என்பது விதி. அது குறைந்தபட்சக் கெடுதான். அதிகபட்சம் என்று எதுவும் இல்லை. வானொலிக்கு இதுதான் பெரிய தலைவலி. எத்தனை நிமிடம் நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால் எதையும் நிரப்பிவிடலாம். தெரியாதபோது ஒரு பழைய கதையை ஆரம்பிக்கக்கூடப் பயமாக இருக்கும். பாதியில் ஆட்டம் தொடங்கிவிட்டால் கதை அந்தரத்தில் நிற்கும்.

28 வருடக் காத்திருப்பு

அந்த ஃபிலீஸ் வானொலிக் குழுவில் ஒருவர் ஹாரி காலஸ். வயது அப்போது 72. 1971-லிருந்து ஃபிலீஸின் குரல் அவர்தான். ஆழமான, அவசரமில்லாத குரல். ஹோம் ரன் போகும்போது, பந்து வெளியே போயே போய்விட்டது என்கிற பொருளில் அவர் நீட்டிச் சொல்லும் இரண்டு சொல்லை அந்த ஊர்ச் சின்னப் பையன்கள் தெருவில் ஆடும்போது சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் படங்களுக்கும் குரல் கொடுத்தவர். 2002-ல் பேஸ்பால் ஒலிபரப்பாளர்களுக்கான உச்ச விருதான ஃபோர்டு ஃப்ரிக் விருது அவருக்குக் கிடைத்தது.

இத்தனை இருந்தும், தன் அணி வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்கும் நிமிடத்தை நேரலையில் சொல்லும் வாய்ப்பு மட்டும் அவருக்கு அதுவரை கிடைக்கவில்லை. அணி ஜெயிக்காமல் இல்லை. 1980 அக்டோபர் 21-ம் தேதி, இதே பிலடெல்ஃபியாவில், கான்சாஸ் சிட்டி ராயல்ஸை வீழ்த்தி ஃபிலீஸ் தன் முதல் கோப்பையை வென்றது. காலஸ் அப்போது முழு ஃபார்மில் இருந்தார். அந்தப் பருவம் முழுக்க அவர் குரலில்தான் ஊர் ஆட்டத்தைக் கேட்டது. ஆனால் வேர்ல்ட் சீரிஸுக்கு வந்தவுடன் கதவு சாத்தப்பட்டது. அன்றைய ஒளிபரப்பு ஒப்பந்தப்படி தேசிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமை: தொலைக்காட்சி ஒரு நிறுவனத்துக்கு, வானொலி சி.பி.எஸ்.ஸுக்கு. உள்ளூர் நிலையம் தன் சொந்த வர்ணனையைக் கொடுக்கக் கூடாது. ஊரே கூத்தாடிய அந்த இரவில் ஊரின் குரலுக்கு மைக் இல்லை. பிற்பாடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தக் கடைசி அவுட்டைப் பேசிப் பதிவு செய்தார்கள். அது நினைவுப் பொருள் மட்டும்தான், நேரலைக்கு ஈடாகுமா?

ஃபிலீஸ் ரசிகர்கள் சும்மா விடவில்லை. கடிதமும் கண்டனமுமாகக் கிளம்பிய எதிர்ப்பில், மறு வருடமே விதி மாறியது. உள்ளூர் வானொலி நிலையங்கள் தங்கள் அணியின் வேர்ல்ட் சீரிஸைத் தாங்களே சொல்லலாம் என்றானது. விதி மாறியது, அதிர்ஷ்டம் மாறவில்லை. 1983-ல் ஃபிலீஸ் பால்டிமோரிடம் தோற்றது. 1993-ல் டொரொன்டோவின் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னில் எல்லாம் முடிந்தது. அந்த இரண்டு தோல்வியையும் நேயருக்குச் சொல்லும் வேலை மட்டும் காலஸுக்கு வாய்த்தது. கூடவே உட்கார்ந்து பேசிய உயிர் நண்பர் ரிச்சி ஆஷ்பர்ன் 1997-ல் காலமானார்.

இப்போது 2008-க்கு வருவோம். வேர்ல்ட் சீரிஸில் தொலைக்காட்சி முழுக்க ஃபாக்ஸ் நிறுவனத்தின் கையில். காலஸ் வழக்கமாக வேலை செய்தது பெரும்பாலும் தொலைக்காட்சியில். வானொலியின் அன்றாடக் குரல்கள் ஸ்காட் ஃப்ரான்ஸ்கியும் லாரி ஆண்டர்சனும். ஆகவே காலஸ் மைக் முன் உட்கார ஒரே இடம் வானொலிதான். டபிள்யூ.பி.எச்.டி. நிலையம், 1210 ஏ.எம்., 50,000 வாட். இரவில் பல மாநிலங்கள் தாண்டிக் கேட்கும் அலைவரிசை அது.

காலஸை 28 வருடம் காக்க வைத்தது ஒரு ஒப்பந்தமும் அணியின் ராசியும். 46 மணி நேரம் காக்க வைத்தது மழை. இந்த இரண்டில் மழைதான் நேர்மையானது என்பேன். அது வருவது கண்ணுக்குத் தெரிகிறது, யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை, ஒருநாள் நின்றும்விடுகிறது.

ஒரு சின்ன வேடிக்கை. அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீக்கில் காலஸ் முதலில் வேலை பார்த்தது 1965-ல் ஹூஸ்டனில், புதிதாகத் திறந்த ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானத்தில். மழையே தொடாத மைதானம். அப்படியும் 1976 ஜூனில் அங்கே ஒரு ஆட்டம் மழையால் ரத்தானது. கூரை ஒழுகவில்லை, ஊரில் வெள்ளம் வந்து அம்பயர்களும் ரசிகர்களும் மைதானத்துக்கு வந்துசேர முடியவில்லை. காலஸ் அதற்கு முன்பே பிலடெல்ஃபியாவுக்கு வந்துவிட்டிருந்தார்.

இடையில் இருந்த செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமையும் மழையும் குளிருமாகப் போனது, ஆட்டம் இல்லை. டாம்பா அணி ஹோட்டல் அறையைக் காலி செய்திருந்ததால், பக்கத்து மாநிலமான டெலவேரின் வில்மிங்டனில் இடம் தேடிப் போய்த் தங்கியது. புதன்கிழமை எட்டு மணிக்கு ஃபாக்ஸ் உள்ளிட்ட தொலைக்காட்சிகளில் பராக் ஒபாமாவின் அரை மணி நேரத் தேர்தல் விளம்பர நிகழ்ச்சி இருந்தது. அது முடிந்த கையோடு 8.37-க்கு ஆட்டம் தொடங்கியது.

நடுவிலிருந்து ஆரம்பிப்பது

ஒலிபரப்பு நடைமுறையாகப் பார்த்தால் எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான். ஒரு ஒலிபரப்புக்குத் தலை உண்டு, வால் உண்டு. ஆட்டக்காரர் பட்டியல், முதல் பந்து, மெல்ல மெல்லச் சூடேறும் குரல். இங்கே அப்படி எதுவும் இல்லை. மைக்கைத் திறக்கும்போதே ஆறாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதி, ஸ்கோர் 2-2, மட்டை பிடிக்க வரவேண்டியவர் பிட்ச்சர் ஹாமெல்ஸ். நேயர்களில் பாதிப்பேர் திங்கட்கிழமை கேட்டவர்கள், மீதிப்பேர் கேட்காதவர்கள். ஆறு இன்னிங்ஸில் 75 பந்து மட்டுமே வீசியிருந்த ஹாமெல்ஸ், மழை இல்லாவிட்டால் தொடர்ந்திருப்பார். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு அவரை இறக்குவதில் அர்த்தமில்லை.

அவருக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஜென்கின்ஸ், எதிரணியின் கிராண்ட் பால்ஃபர் வீசிய பந்தை அடித்து நேராக இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டார். ஜிம்மி ரோலின்ஸ் மெல்லத் தட்டி அவரை மூன்றாவதுக்கு நகர்த்த, ஜேசன் வர்த் அடித்ததில் ரன் வந்தது. 3-2. ஏழாவதில் டாம்பாவின் ராக்கோ பால்டெல்லி ஹோம் ரன் அடித்து மறுபடி சமன் செய்தார்.

அதே இன்னிங்ஸில், வானொலி வர்ணனையாளரின் நாக்கைச் சோதிக்கிற ஒரு ஆட்டம் நடந்தது. இரண்டாவது பேஸில் டாம்பாவின் ஜேசன் பார்ட்லெட் நிற்கிறார். அகினோரி இவாமுரா அடித்த பந்து நடுவில் உருண்டு போகிறது. சேஸ் அட்லி பாய்ந்து எடுக்கிறார். முதல் பேஸுக்கு எறிந்து பயனில்லை, இவாமுரா எட்டிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கையை ஓங்கி முதல் பேஸுக்கு எறிவதுபோல் போக்குக் காட்டுகிறார். மூன்றாவது பேஸைச் சுற்றும் பார்ட்லெட் அதை நம்பி ஓட்டத்தை நிறுத்தாமல், ரன் முடியும் கடைசி பேஸான ஹோமை நோக்கி வருகிறார். அட்லி உடம்பைத் திருப்பி ஹோமுக்கு எறிகிறார். கேட்ச்சர் கார்லோஸ் ரூயிஸ் பந்தோடு பாய்ந்து தொடுகிறார். அவுட்.

இவ்வளவும் நாலைந்து வினாடி. போக்குக் காட்டியதை முதலில் சொல்வதா, ஓடுகிறவரைச் சொல்வதா? தொலைக்காட்சியில் ரீப்ளே வந்து அட்லியின் தந்திரத்தைக் காட்டும். வானொலியில் முதல் மூச்சிலேயே பந்து எங்கே, ஓடுபவர் எங்கே, அவுட்டா இல்லையா என்ற மூன்றும் வந்தாக வேண்டும். தந்திரத்தைப் பிறகு விரித்துச் சொல்லிக்கொள்ளலாம். மழை இரவில் சேற்றை விவரித்துக்கொண்டிருந்த அதே குழு, காய்ந்த இரவில் இந்த வேகத்துக்கு மாற வேண்டியிருந்தது.

ஏழாவதின் இரண்டாம் பாதியில் பேட் பரல் இரண்டு பேஸ் அடி ஒன்றை அடிக்க, அவருக்குப் பதிலாக ஓட வந்த எரிக் பிரண்ட்லெட்டைப் பெட்ரோ ஃபெலிஸின் அடி ரன்னாக்கியது. 4-3. ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்தை எடுத்தவர் பிராட் லிட்ஜ். அந்த வருடம் அணியின் முன்னிலையைக் காப்பாற்ற வந்த ஆட்டம் ஒன்றைக்கூடக் கோட்டைவிடாதவர். மைக் காலஸிடம் இருந்தது. ஒரு டாம்பா வீரர் இரண்டாவது பேஸ் வரை வந்துவிட்டார். இன்னும் ஒரு அடி விழுந்தால் மறுபடி சமன். எரிக் ஹின்ஸ்கி மட்டையை வீசினார், பந்து கிடைக்கவில்லை.

காலஸ் முதலில் சொன்னது சில சொல்தான். வீசினார், தவறவிட்டார், அவுட். பிலடெல்ஃபியா ஃபிலீஸ் 2008-ன் பேஸ்பால் உலகச் சாம்பியன்.  பிறகு லிட்ஜ், காப்பாற்ற வந்த ஆட்டங்களில் 48-க்கு 48 என்று அந்தப் பருவத்தைக் குறையில்லாமல் முடித்ததையும் சேர்த்துச் சொன்னார். 28 வருடம் காத்திருந்தவர் அந்த இடத்தில் தன்னைப் பற்றி ஒரு சொல் பேசியிருந்தாலும் யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். அவர் கணக்குச் சொன்னார். நேயருக்கு வேண்டியது அதுதான்.

அடுத்த வருடம் ஏப்ரல் 13, வாஷிங்டனில் ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, வர்ணனையாளர் அறையிலேயே மயங்கி விழுந்து ஹாரி காலஸ் இறந்தார். வயது 73.

சின்ன ஊரில் இதே பிரச்சினை

இத்தனை பெரிய மைதானத்தில், இத்தனை பணம் புரளும் இடத்தில் இல்லாத ஒரு தெளிவு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் சாஃப்ட்பால் ஆட்டத்தில் இருக்கிறது. சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும்.

சாஃப்ட்பால் ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். பேஸ்களுக்கு இடையே 60 அடிதான், பேஸ்பாலில் 90. மழை விஷயத்தில் சாஃப்ட்பால் இன்னும் பாவம். பேஸ்பால் இன்ஃபீல்டில் பெரும்பகுதி புல்; சாஃப்ட்பால் இன்ஃபீல்டு முழுக்க வெறும் மண். ஒரு கனமழை பெய்தால் மொத்தமும் சேறு. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிப் பருவம் வசந்தத்தில் முடியும். அயோவா மாநிலத்தில் கோடையில் நடக்கிறது. மாநில இறுதிச் சுற்று ஜூலையில் ஃபோர்ட் டாட்ஜ் நகரில். ஜூலை என்றால் அந்தச் சமவெளியில் மாலை இடிமழைக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் ரொம்ப எளிமையானது. இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ ஆட்டத்தை நிறுத்து. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திரு. நடுவில் இன்னொரு இடி கேட்டால் 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ணு. வானொலிக்காரருக்கு இது வரப்பிரசாதம். 7.12-க்குக் கேட்டது கடைசி இடி, இனி இடிக்காவிட்டால் 7.42-க்கு ஆட்டம் என்று நேயரிடம் அடித்துச் சொல்லலாம். 7.35-க்கு மறுபடி இடித்தால் 8.05. வீட்டில் கேட்கும் பாட்டியும் வாசலில் நின்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். பிலடெல்ஃபியாவில் அன்று நிறுத்தியது மின்னல் இல்லை, வெறும் மழை. மழைக்குக் கடிகாரம் கிடையாது.

ஆனால் சின்ன ஊர் நிலையத்துக்கு வேறு தொல்லைகள் உண்டு. மைதானத்தில் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். ஸ்டுடியோவில் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஏழு இன்னிங்ஸுக்கு விற்ற உள்ளூர் விளம்பரம், டிராக்டர் கடையும் வங்கியும், முதல் முக்கால் மணி நேரத் தாமதத்திலேயே தீர்ந்துபோகும். மணிக்கொருமுறை, இயல்பாக இடைவெளி விழும் இடத்தில், நிலையத்தின் அழைப்பெழுத்தையும் (டபிள்யூ.பி.எச்.டி. போன்றது) ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. சில ஏ.எம். நிலையங்களுக்குப் பகலில் மட்டுமே முழு உரிமம். சூரியன் மறைந்தால் ஏ.எம். அலைகள் வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போய் மற்ற நிலையங்களோடு மோதும் என்பதால், சக்தியைக் குறைக்க வேண்டும் அல்லது மூட வேண்டும். ஏழு மணி ஆட்டம் ஒன்பதுக்குப் போனால் நிலையத்தின் குரலே ஒடுங்கிவிடும். 2009-லிருந்து ஏ.எம். நிலையங்கள் சிறிய எஃப்.எம். மறு ஒலிபரப்பிகளைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்த பிறகுதான் இது கொஞ்சம் சரியானது.

எல்லாவற்றுக்கும் மேல், ஆட்டத்தை நிறுத்திய அதே புயல் ஊர் மேலும் வருகிறது. சூறாவளி எச்சரிக்கை வந்தால் சாஃப்ட்பாலை விட்டுவிட்டு அதைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வர்ணனையாளரே அந்த நேரத்தில் ஊருக்கு வானிலைச் செய்தியாளர். பெரிய நகர நிலையத்தில் அந்த வேலைக்குத் தனியாக ஆள் இருப்பார்.

சொல்ல எதுவுமே இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கும் அயோவாவில் ஒரு பழைய கதை உண்டு. 1930-களில் டி மாய்ன் நகரின் டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்டு ரீகன், பிற்கால ஜனாதிபதிதான், தந்தியில் வரும் குறிப்பை வைத்துச் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை நேரில் பார்ப்பதுபோல் சொல்வார். ஒருநாள் தந்தி அறுந்துவிட்டது. மட்டையாளர் பந்துக்குப் பந்து ஃபவுலாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்று நிமிடக்கணக்கில் இட்டுக்கட்டிச் சமாளித்ததாக அவரே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். கதையாக ரசிக்கலாம். நேயரை ஏமாற்றியது ஏமாற்றியதுதான். மழைத் தாமதத்தில் அப்படிச் செய்ய வழியும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் நேயருக்கே மழை தெரியும்.

அதன் பிறகு

2009 ஜனவரியில் மேஜர் லீக் விதியைத் திருத்தியது. பிளேஆஃப், வேர்ல்ட் சீரிஸ் ஆட்டங்கள் மழையால் நின்றால் எந்த இன்னிங்ஸாக இருந்தாலும் அவை ஒத்திவைக்கப்படும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஒன்பது இன்னிங்ஸும் ஆடி முடிக்கப்படும். சீலிக் தன் மனதில் வைத்திருந்தது அப்படியே எழுத்தில் வந்தது.

இதன் பலன் 2016 நவம்பர் 2-ம் தேதி இரவு கிளீவ்லேண்டில் தெரிந்தது. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6, மழை வந்து தார்ப்பாய் விரித்தார்கள். சிகாகோ கப்ஸ் பக்கம் வானொலியில் பேட் ஹியூஸ், கிளீவ்லேண்ட் பக்கம் டாம் ஹாமில்டன். இருவருக்கும் தெரியும், கேட்கும் எல்லோருக்கும் தெரியும்: எவ்வளவு நேரமானாலும் இது ஆடி முடிக்கப்படும், பாதியில் யாருக்கும் கோப்பை கிடையாது. 17 நிமிடத்தில் மழை விட்டது. கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்து 8-7 என ஜெயித்தது. அந்த அணியின் முந்தைய கோப்பை 1908-ல் வந்தது. அப்போது வானொலியே கிடையாது. ஆகவே கப்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றதைத் தன் அணி வானொலியில் முதன்முதலாகச் சொன்னவர் ஹியூஸ்.

வழக்கமான பருவ ஆட்டங்களில் மட்டும் ஐந்து இன்னிங்ஸ் விதி இன்றும் இருக்கிறது. மழை வந்து கைவிட்டால் முன்னால் இருப்பவருக்கு வெற்றி. பள்ளி சாஃப்ட்பாலிலும் ஐந்து இன்னிங்ஸ்தான் அடிப்படை. ஆனால் நின்ற ஆட்டத்தை மறுநாள் தொடர்வதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலக் கூட்டமைப்பு முடிவு செய்துகொள்ளலாம். மைக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போகிற உள்ளூர் வர்ணனையாளர், முதல் பந்துக்கு முன் அம்பயரிடம் போய்க் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.